காய்ச்சல் விட்டாச்சா? அப்போதுதான் கவனம் தேவை!
டெங்குவின் மூன்று படிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் நாம் முதலில் கேட்பது, ‘என்ன வியாதி?’ என்றுதான். மருத்துவர் பெயரைச் சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடுகிறது, அல்லது இரண்டு மடங்காகிவிடுகிறது! ஆனால் மருத்துவர் மனதுக்குள் இன்னொரு கேள்வியும் ஓடிக்கொண்டிருக்கும். ‘இந்த வியாதி இவரிடம் இப்போது எந்த அளவில் இருக்கிறது?’ என்பதே அது.

ஒரே பெயருள்ள நோய்தான் ஒருவரை நாலு நாள் படுக்க வைத்துவிட்டு எழுப்பிவிடுகிறது. இன்னொருவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை கொண்டுபோய்விடுகிறது. ஆகவே நோயின் பெயரைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, அதன் கடுமையை அளப்பது இன்னொரு வேலை. எங்கே வைத்து வைத்தியம் பார்ப்பது, வீட்டிலா, வார்டிலா, தீவிர சிகிச்சைப் பிரிவிலா என்பதை முடிவு செய்வது இந்த இரண்டாவது வேலைதான்.

இது மருத்துவர் சமாச்சாரம், நமக்கெதற்கு என்று நினைக்காதீர்கள். சில நோய்களில் இந்த அளவுகோலின் பெரும்பகுதி தாய்மார்களின் கண்ணிலும் கையிலும்தான் இருக்கிறது. அதற்குச் சரியான உதாரணம், மழைக்காலம் வந்தால் நம்மைப் பயமுறுத்தும் டெங்கு காய்ச்சல்.

பெரியவர்கள் வைத்திருந்த அளவுகோல்

நோயை அளந்து பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. சித்த மருத்துவத்தில் நோய்கள் 4448 என்று சொல்வார்கள். அதில் சுரத்தை மட்டும் 64 வகையாகப் பிரித்துப் படிக்கிறோம். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எட்டையும் பார்த்த பிறகே நோயைக் கணிக்க வேண்டும். இதற்கு எண்வகைத் தேர்வு என்று பெயர். அதற்கும் மேலாக, இது சாத்தியமா அசாத்தியமா, அதாவது தீரக்கூடியதா தீராததா என்று பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் மருந்தில் கை வைக்க வேண்டும் என்பது பாடம்.

நம் வீட்டுப் பாட்டிகளும் இதே கணக்கைத்தான் வேறு வார்த்தையில் வைத்திருந்தார்கள். ‘உடம்பு அனலாக் கொதிக்குது’ என்றால் கஷாயம் போடுவார்கள். ‘கை கால் சில்லுன்னு ஆயிடுச்சு, பேச்சு ஒரு மாதிரி இருக்கு’ என்றால் கஷாயத்தை ஓரமாக வைத்துவிட்டு, ‘வண்டியைக் கட்டு’ என்பார்கள். அனலைவிட இந்தச் சில்லிப்பு ஆபத்து என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. டெங்குவுக்கு இது அப்படியே பொருந்தும்.

பயப்பட வேண்டியது காய்ச்சலைப் பார்த்து அல்ல!

தமிழ்நாட்டை டெங்கு உலுக்கிய வருடங்கள் நினைவிருக்கும். 2012-ஆம் ஆண்டில் 12,826 பேர் பாதிக்கப்பட்டு 66 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது. 2017-இல் பாதிப்பு 23,294, இறப்பு 65. பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நன்றாகிவிட்டார்கள் என்பதையும் இதே கணக்கிலிருந்து பார்க்கலாம். ஆக, வரும் நூற்றுக்கணக்கானவர்களில் யார் அந்த ஓரிருவர் என்று முன்கூட்டியே அடையாளம் காண்பதுதான் டெங்குவில் முக்கியமான வேலை.

டெங்கு கிருமியில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு மட்டும் நிரந்தரமான எதிர்ப்புச் சக்தி கிடைக்கும். பிறகு வேறொரு வகை தாக்கினால், நோய் கடுமையாகும் வாய்ப்பு முதல் தடவையைவிட அதிகம். ‘எங்களுக்குத்தான் ஏற்கெனவே வந்துட்டுப் போயிடுச்சே’ என்று தைரியமாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதில் உயிருக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது? பலரும் நினைப்பதுபோல 104 டிகிரி காய்ச்சலிலிருந்து அல்ல. தட்டணு குறைவதுதான் ஒரே காரணம் என்றும் சொல்ல முடியாது. உண்மையான விஷயம், ரத்தக் குழாய்களில் ஏற்படும் கசிவு.

புது மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் என்ன ஆகிறது? ஓட்டை எதுவும் இல்லை. ஆனாலும் பானைக்கு வெளியே ஈரம் பூக்கிறது. உள்ளே தண்ணீர் குறைகிறது. டெங்குவில் மிகச் சிறிய ரத்தக் குழாய்களின் சுவர் சிலருக்கு இப்படித்தான் கசியத் தொடங்குகிறது. ரத்தத்தில் இருக்கும் நீர்ப்பகுதி, அதாவது பிளாஸ்மா, வெளியேறி வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் தேங்குகிறது. சிவப்பணுக்கள் உள்ளேயே தங்கிவிடுவதால், மீதி ரத்தம் சுண்டிய குழம்பு மாதிரி கெட்டியாகிறது. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போக வேண்டிய ரத்த ஓட்டம் குறைகிறது. இது முற்றினால் ‘ஷாக்’ என்கிற அதிர்ச்சி நிலை!

வெளியே ஒரு சொட்டு ரத்தம் கூடச் சிந்தாமல் இத்தனையும் நடக்கலாம். அதனால்தான் குடும்பத்தார் ஏமாந்துபோகிறார்கள்.

பழைய அளவுகோல் ஏன் மாறியது?

1950-களில் பிலிப்பைன்ஸிலும் தாய்லாந்திலும் ரத்தக் கசிவோடு கூடிய டெங்கு குழந்தைகளைத் தாக்கியது. அங்கே கிடைத்த அனுபவத்தை வைத்து உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவுகோலை உருவாக்கியது. 1997-இல் வெளியான பதிப்பின்படி டெங்கு காய்ச்சல் தனி, ரத்தக்கசிவு டெங்கு தனி. இரண்டாவதற்கு ஒன்று முதல் நான்கு வரை படிகள். மூன்றும் நான்கும் அதிர்ச்சி நிலை.

ஆனால் ‘ரத்தக்கசிவு டெங்கு’ என்று சொல்ல நான்கு நிபந்தனைகளும் ஒருசேர இருக்க வேண்டும்: காய்ச்சல், ரத்தப்போக்குக்கான அடையாளம், ஒரு லட்சமும் அதற்குக் குறைவுமான தட்டணு, பிளாஸ்மா கசிவுக்கான சான்று. நடைமுறையில் என்ன ஆயிற்று? ஒருவர் அதிர்ச்சி நிலையில் இருப்பார். ஆனால் நாலில் ஒன்று பொருந்தாது. இன்னொருவருக்குக் கல்லீரலோ மூளையோ பாதிக்கப்பட்டிருக்கும். அதற்குப் பட்டியலில் இடமே இருக்காது. பெயரிலேயே ‘ரத்தக்கசிவு’ என்று இருந்ததால், ரத்தம் வரவில்லையே என்று அசட்டையாக இருந்தவர்களும் உண்டு.

இந்தக் குறைகளை ஆராய்ந்து, ஆசிய நாடுகளிலும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் நோயாளிகளைக் கவனித்துப் பார்த்து, 2009-இல் உலக சுகாதார நிறுவனம் எளிமையான மூன்று படிகளை அறிவித்தது.

முதல் படி: அபாய அறிகுறி இல்லாத டெங்கு.
இரண்டாம் படி: அபாய அறிகுறி உள்ள டெங்கு.
மூன்றாம் படி: கடுமையான டெங்கு.

இன்றும் சில மருத்துவர்கள் பழைய படிகளின் பெயரையும் சேர்த்து எழுதுவதுண்டு. அதில் குழப்பம் வேண்டாம். நாம் மனதில் வைக்க வேண்டியது இந்த மூன்றுதான்.

முதல் படி: வீட்டிலேயே பார்க்கலாம்

டெங்கு பரவியிருக்கும் ஊரில் இருப்பவருக்கு, அல்லது அங்கே போய் வந்தவருக்கு, காய்ச்சலோடு கீழ்க்கண்டவற்றில் இரண்டு இருந்தால் டெங்குவாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்:

* குமட்டல் அல்லது வாந்தி
* தோலில் தடிப்பு, சிவப்பு
* உடம்பு வலி (தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி)
* ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைவது
* கைப்பட்டைச் சோதனையில் புள்ளிகள் தெரிவது
* கீழே சொல்லப்போகும் அபாய அறிகுறிகளில் ஏதாவது ஒன்று

அதென்ன கைப்பட்டைச் சோதனை? ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பட்டையைப் புஜத்தில் கட்டி, மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் நடுவிலான அழுத்தத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தி வைப்பார்கள். 110/70 என்றால் 90-இல் நிறுத்துவார்கள். பிறகு முன்கையில் ஒரு அங்குலச் சதுரத்துக்குள் 20 அல்லது அதற்கு மேல் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் குழாய்ச் சுவர் பலவீனமாக இருக்கிறது என்று பொருள். இதை மருத்துவர் செய்யட்டும். வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

சந்தேகத்தை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை உண்டு. காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாட்களில் என்.எஸ்.1 சோதனை பயன்படும். அதன் பிறகு ஐ.ஜி.எம். சோதனை. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்... இந்தச் சோதனைகள் நோயின் பெயரைச் சொல்லும், அளவைச் சொல்லாது! ‘பாசிட்டிவ்’ என்பதற்காக நடுங்கவும் வேண்டாம், ‘நெகட்டிவ்’ என்பதற்காக அபாய அறிகுறிகளை அலட்சியம் செய்யவும் வேண்டாம்.

நன்றாகத் தண்ணீர் குடிக்க முடிகிறது, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது சிறுநீர் போகிறது, அபாய அறிகுறி எதுவும் இல்லை என்றால் முதல் படி. மருத்துவரைப் பார்த்துவிட்டு வீட்டில் இருந்தே கவனித்துக்கொள்ளலாம்.

விதிவிலக்கு உண்டு. கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், உடல் பருமன் உள்ளவர், சர்க்கரை நோயாளி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர், இவர்களுக்கு அபாய அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக் கண்காணிப்பு தேவைப்படலாம். தனியாக வசிப்பவர்களும், ராத்திரி நேரத்தில் வண்டி கிடைக்காத ஊர்களில் இருப்பவர்களும் இதே கணக்கில்தான் வருவார்கள்.

இரண்டாம் படி: ஏழு அபாய மணிகள்

இந்த ஏழையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதல் ஐந்தை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே கவனிக்கலாம்.

1. வயிற்று வலி. விடாமல் இருக்கும் வலி, அல்லது தொட்டாலே வலிப்பது.

2. நிற்காத வாந்தி. குடித்தது எதுவும் வயிற்றில் தங்காத நிலை.

3. நீர் தேங்குவது. வயிறு உப்பலாகத் தெரியும், மூச்சு விடச் சிரமமாக இருக்கும்.

4. ஈறு, மூக்கு போன்ற இடங்களில் ரத்தம். பல் தேய்க்கும்போது ரத்தம், மூக்கில் ரத்தம், பெண்களுக்கு வழக்கத்துக்கு மாறான உதிரப்போக்கு.

5. சோர்வு அல்லது நிலைகொள்ளாமை. சதா தூங்கி வழிவது, அல்லது படுக்கையில் இருப்புக்கொள்ளாமல் புரள்வது. சின்னக் குழந்தை என்றால் காரணமில்லாமல் சிணுங்கிக்கொண்டே இருப்பது.

6. கல்லீரல் வீக்கம். மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாகியிருப்பதைக் கண்டுபிடிப்பார்.

7. ரத்தம் கெட்டியாவதும் தட்டணு வேகமாகச் சரிவதும் ஒரே சமயத்தில் நடப்பது.

இவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும், இரண்டாம் படி! ‘ரெண்டு மூணு சேர்ந்து வரட்டும், பார்க்கலாம்’ என்று காத்திருக்கக் கூடாது. ‘காலையில் போய்க்கலாம்’ என்றும் தள்ளிப்போடக் கூடாது. மருத்துவமனையில் சேர்த்து, அளந்து அளந்து நரம்பு வழியாகத் திரவம் கொடுத்தால் பெரும்பாலோர் மூன்றாம் படிக்கே போகாமல் திரும்பிவிடுவார்கள். இந்தப் படியைத் தனியாகப் பிரித்து வைத்ததன் நோக்கமே அதுதான்.

மூன்றாம் படி: ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்

கீழ்க்கண்ட மூன்றில் ஒன்று இருந்தால் அது கடுமையான டெங்கு.

ஒன்று, பிளாஸ்மா அதிகமாகக் கசிந்து அதிர்ச்சி நிலை ஏற்படுவது, அல்லது நீர் தேங்கி மூச்சுத் திணறல் வருவது. இரண்டு, கடுமையான ரத்தப்போக்கு. மூன்று, உறுப்புகள் கடுமையாகப் பாதிக்கப்படுவது. கல்லீரல் நொதிகளின் அளவு 1000-ஐத் தொடுவது, நினைவு தவறுவது, இதயம் பாதிக்கப்படுவது எல்லாம் இதில் அடங்கும்.

அதிர்ச்சி நிலை என்றவுடன் மயங்கி விழுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆரம்பத்தில் நோயாளி பேசிக்கொண்டேதான் இருப்பார்! ‘நல்லாத்தானே பேசறான்’ என்று வீட்டார் நினைப்பார்கள். அதே நேரத்தில் உள்ளங்கையும் பாதமும் ஜில்லிட்டிருக்கும். தோல் பிசுபிசுக்கும். நாடி வேகமாகவும் மெல்லியதாகவும் ஓடும். விரல் நகத்தை அழுத்திவிட்டால் வெளுத்த இடம் சிவப்பாகத் திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் ஆகும்.

ரத்த அழுத்தமும் ஏமாற்றும். மேல் அளவு சரியாகவே இருக்கலாம். ஆனால் கீழ் அளவு ஏறி அதன் பக்கத்தில் வந்து நிற்கும். ஆரோக்கியமானவருக்கு 120/80, வித்தியாசம் 40. அதிர்ச்சி நிலையில் 100/80 என்று இருந்தால் வித்தியாசம் 20-தான். இந்த வித்தியாசம் 20 அல்லது அதற்கும் குறைவாகச் சுருங்குவது, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, பெரிய எச்சரிக்கை. ‘மேலே நூறு இருக்கே, நார்மல்தானே’ என்று திருப்திப்பட்டுவிடக் கூடாது.

காய்ச்சல் இறங்கும் நாள்தான் கண்டம்

டெங்கு மூன்று கட்டமாக நடக்கும். முதல் கட்டம் காய்ச்சல் கட்டம். இரண்டிலிருந்து ஏழு நாள் வரை இருக்கும். காய்ச்சல் இறங்கும் நேரத்தில், அதாவது நோய் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், இரண்டாவதான ஆபத்துக் கட்டம் வருகிறது. கசிவு நடப்பது இப்போதுதான். இது 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அதைத் தாண்டிவிட்டால் மூன்றாவது, குணமாகும் கட்டம். வெளியே கசிந்த நீர் அடுத்த இரண்டு மூன்று நாட்களில் மறுபடியும் ரத்தத்துக்குத் திரும்பிவிடும்.

சாதாரணக் காய்ச்சலில் சூடு இறங்கினால் நோய் இறங்கியது என்று அர்த்தம். டெங்குவில் சூடு இறங்குவது ஒரு பிரிவுச் சாலை. பெரும்பாலோர் அங்கிருந்து நேரே குணத்துக்குப் போகிறார்கள். சிலர் ஆபத்துப் பக்கம் திரும்புகிறார்கள்.

எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது? சூடு இறங்கியதும் பசி எடுக்கிறது, முகம் தெளிகிறது, சிறுநீர் நன்றாகப் போகிறது என்றால் நிம்மதி. சூடு இறங்கியும் ஆள் முன்னைவிடத் துவண்டு கிடக்கிறார், வயிறு வலிக்கிறது, சிறுநீர் குறைகிறது, கை கால் ஜில்லிடுகிறது என்றால்... ஒரு நிமிடம் கூட யோசிக்காமல் மருத்துவமனை!

‘ஜுரம் விட்டுடுச்சு, குழந்தையைப் பள்ளிக்கூடம் அனுப்பலாமா?’ என்று பலரும் கேட்கிறார்கள். மாத்திரை எதுவும் போடாமல் இரண்டு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்து, நன்றாகச் சாப்பிட்டு விளையாடட்டும். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தைப் பற்றி யோசிக்கலாம்.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டிய இரண்டு எண்கள்

ரத்தப் பரிசோதனைத் தாள் கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் தட்டணுவில்தான் போய் நிற்கும். ‘எண்பதாயிரமாம்... அறுபதாயிரமாம்...’ என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் பறக்கும். ஆனால் அதே தாளில் பி.சி.வி. அல்லது ஹெமடோகிரிட் என்று இன்னொரு எண் இருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. ரத்தம் எவ்வளவு கெட்டி என்று சொல்வது அதுதான்.

ஒருவருக்குக் காய்ச்சலின் முதல் நாட்களில் இது 36 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாம் நாள் 43-ஐத் தாண்டினால் சுமார் 20 சதவீதம் ஏறிவிட்டது. அதாவது பிளாஸ்மா கணிசமாகக் கசிந்துவிட்டது. கூடவே தட்டணுவும் சரிந்தால் ஏழாவது அபாய மணி அடித்துவிட்டது என்று பொருள். இந்த ஏற்றத்தைக் கண்டுபிடிக்க ஆரம்பத்தில் எடுத்த எண் தெரிந்திருக்க வேண்டும். அதனால் முதல் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாமல் பத்திரமாக வையுங்கள். ஒவ்வொரு முறையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தட்டணு எண்ணிக்கை மட்டும் குறைந்து, ரத்தப்போக்கு எதுவும் இல்லாதபோது, பெரும்பாலும் தட்டணு ஏற்ற வேண்டிய அவசியம் இருப்பதில்லை. குணமாகும் கட்டத்தில் அது தானாகவே ஏறும். அந்த முடிவை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

இன்னொரு தப்பான ஆசை, ‘இன்னும் ரெண்டு பாட்டில் ஏத்துங்க டாக்டர்’ என்பது. கசிவு இருக்கும்போது ஏற்றும் திரவம் உயிர் காக்கும். கசிவு நின்று, வெளியே போன நீர் திரும்பி வரும் சமயத்திலும் ஏற்றிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். டெங்குவில் திரவம் குறைந்தாலும் ஆபத்து, மிஞ்சினாலும் ஆபத்து.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதல் படியில் இருப்பவருக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி, நேரம், எத்தனை டிகிரி, என்ன குடித்தார், எத்தனை தடவை சிறுநீர் போனார், வாந்தி, வயிற்று வலி உண்டா என்று எழுதிக்கொண்டே வாருங்கள். காய்ச்சல் தொடங்கிய நாளை முதல் நாளாக எண்ணுங்கள். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வியே, ‘இன்னிக்கு எத்தனாவது நாள்?’ என்பதுதான்.

வெறும் தண்ணீரை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, மோர், இளநீர், பழச்சாறு, உப்பு சர்க்கரைக் கரைசல் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இனிப்பான பானங்களைக் குறைத்துக் கஞ்சியும் மோரும் கொடுக்கலாம். பீட்ரூட் சாறு, ரோஸ்மில்க் போன்ற சிவப்பு நிறப் பானங்களைத் தவிர்த்துவிடுங்கள். வாந்தி எடுத்தால் அது ரத்தமா, பானமா என்று தெரியாமல் போய்விடும்!

‘ஜுரத்துக்கு லங்கணம் பரம ஔஷதம்’ என்று சொல்லிப் பட்டினி போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. எளிதில் செரிக்காததைத் தவிர்ப்பது என்ற பொருளில் அது சரி. தண்ணீர் ஆகாரத்தையே நிறுத்துவது டெங்குவில் பெரும் தப்பு.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், மருத்துவர் சொன்ன அளவில் மட்டும். ஆஸ்பிரின், புரூஃபன் வகை வலி மாத்திரைகள் கூடவே கூடாது. அவை ரத்தப்போக்கைத் தூண்டும். மெடிக்கல் ஷாப்பில், ‘உடம்பு வலிக்கு ஏதாவது ரெண்டு மாத்திரை குடுங்க’ என்று கேட்டு வாங்குவது டெங்கு சீசனில் விஷப்பரீட்சை.

நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் வையுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். அவரைக் கடித்த கொசு சில நாள் கழித்து வீட்டில் மற்றவர்களைக் கடித்தால் அவர்களுக்கும் வரும். குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டித் தட்டு, மொட்டை மாடி டயர், மூடாத சிமெண்ட் தொட்டி... இந்தக் கொசு முட்டையிடுவது இங்கேதான். வாரம் ஒரு நாள் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள்.

நிலவேம்பு எந்தப் படிக்கு?

சித்த மருத்துவனான என்னிடம் நீங்கள் கேட்க நினைப்பது இதுதான் என்று தெரியும்! 2012-இல் டெங்கு பரவியபோது தமிழக அரசே மருத்துவமனைகளில் நிலவேம்புக் குடிநீர் வழங்கியது. அதற்குப் பிறகு எல்லாக் காய்ச்சலுக்கும் எல்லா நிலையிலும் அது போதும் என்ற எண்ணம் சிலரிடம் வேரூன்றிவிட்டது.

நிலவேம்புக் குடிநீர் என்பது நிலவேம்பு மட்டும் அல்ல. வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகியவையும் சேர்ந்த ஒன்பது சரக்குக் கூட்டு. சுரத்துக்கும் உடல்வலிக்கும் எங்கள் மருத்துவத்தில் காலங்காலமாகக் கொடுத்து வருகிறோம். சூரணத்தைத் தண்ணீரில் போட்டு நாலில் ஒரு பங்காக வற்றவைத்து, வடிகட்டி, அன்றன்றே புதிதாகக் குடிக்க வேண்டும். காலையில் காய்ச்சியதை மறுநாளுக்கு வைத்துக் குடிக்கக் கூடாது. வயதுக்கும் உடம்புக்கும் ஏற்ற அளவைத் தகுதி பெற்ற சித்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் கேட்காமல் குடிக்கவே கூடாது.

இதன் இடம் முதல் படி. அதுவும் மருத்துவரின் கண்காணிப்போடு சேர்த்து. வாந்தி எடுப்பவருக்கு இந்தக் கசப்பை வலுக்கட்டாயமாகப் புகட்டாதீர்கள். வாந்தி அதிகமானால் உடம்பில் நீர் குறையும். அதோடு, வாந்தி கசப்பால் வந்ததா, நோயால் வந்ததா என்று தெரியாமல் இரண்டாவது அபாய மணி காதில் விழாமலே போய்விடும்.

அபாய அறிகுறி தெரிந்துவிட்டால் நிலவேம்பும் இல்லை, பப்பாளி இலைச் சாறும் இல்லை, எந்த வீட்டு வைத்தியமும் இல்லை. கசிகிற ரத்தக் குழாயை நிரப்ப அந்த நேரத்தில் தேவை நரம்பு வழியாகப் போகும் திரவம். மணிக்கு மணி ரத்த அழுத்தத்தையும் ஹெமடோகிரிட்டையும் பார்க்க வசதி உள்ள மருத்துவமனையில்தான் அது முடியும். இதைச் சொல்வதால் சித்த மருத்துவத்துக்கு எந்தக் குறைவும் இல்லை. நோயின் அளவறிந்து மருந்து செய் என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

சுவரில் ஒட்டிவைக்க...

* காய்ச்சல் எத்தனாவது நாள்? எண்ணிக்கொண்டே வாருங்கள். மூன்றிலிருந்து ஏழாம் நாள் வரை இரட்டைக் கவனம்.
* ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லையா? உடனே மருத்துவமனை.
* வயிற்று வலி, தொடர் வாந்தி, மூச்சுச் சிரமம், எங்கேயாவது ரத்தம், அதிகச் சோர்வு அல்லது தவிப்பு. ஒன்று போதும், உடனே மருத்துவமனை.
* சூடு இறங்கியதா? கை கால் கதகதப்பாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.
* தட்டணுவோடு ஹெமடோகிரிட்டையும் கேளுங்கள். முதல் ரிப்போர்ட் கையில் இருக்கட்டும்.
* பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம்.

இந்த மழைக்காலத்தில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் பதறாதீர்கள். எந்தப் படி என்று முதலில் பாருங்கள். தினம் காலையிலும் மாலையிலும் ராத்திரி படுக்கும் முன்பும் மறுபடி பாருங்கள். ஏனென்றால் காலையில் முதல் படியில் இருந்தவர் ராத்திரிக்குள் இரண்டாம் படிக்குப் போயிருக்கலாம். அந்த மாற்றத்தை முதலில் பார்க்கப்போவது மருத்துவர் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான்.